நாலு நாடு, 1,500 கிலோமீட்டர், அம்மாவின் முழங்கால்: பெங்களூர் பயணத் திட்டக்காரர் ஒருவரைப் பற்றி

2019இல் ஒரு டூர் கம்பெனியில் பணம் கட்டி அம்மாவை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனேன். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு. திரும்பி வந்ததும் அல்சூரில் எதிர்வீட்டு மாமி "என்னெல்லாம் பாத்தீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். "பஸ் ஜன்னலைப் பாத்தேன்" என்றாள் அம்மா. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். அது ஆறு வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மே மாதம் அந்தக் கடனைத் தீர்த்தோம். நான், என் கணவர், பத்து வயது மகள், அறுபத்தொன்பது வயது அம்மா. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவேனியா நாலையும் நாங்களே கார் எடுத்துச் சுற்றினோம். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் 1,500 கிலோமீட்டரும் நான்தான் ஓட்டினேன். திட்டம் போட்டுக் கொடுத்தவர் மல்லேஸ்வரத்தில் வீட்டு முன்னறையிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர். இது அவருடைய வேலையைப் பற்றிய மதிப்புரை. வருஷத்துக்குச் சில குடும்பங்களுக்கு மேல் எடுப்பதில்லை, விளம்பரமும் வேண்டாம் என்றார், அதனால் பெயரைப் போடவில்லை.

அவர் தங்கவயல்காரர். தாத்தாவும் அப்பாவும் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர்கள். 2001இல் சுரங்கத்தை மூடியபோது இவர் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாராம். பிறகு ஸ்டுட்கார்ட்டில் பதினோரு வருஷம் வேலை, வாரக்கடைசி எல்லாம் மலைப்பாதைகளில். கட்டணம் 22,000 ரூபாய். டிக்கெட், ஹோட்டல், கார் எதையும் அவர் விற்பதில்லை, எல்லாம் நாமே நம் கார்டில் போட வேண்டும். யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். அதன் அருமை பிறகு புரிந்தது.

முதல் நாள் நான் ஒரு பட்டியலோடு போனேன். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ப்ராக், வியன்னா எல்லாம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அம்மாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்த முழங்கால், இறங்கும்போது வலியா ஏறும்போது வலியா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், முட்டை சேர்ப்பீர்களா, சாதம் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும். மகளிடம் உயரம் கேட்டார், சுவரில் நிறுத்தி அளந்தும் பார்த்தார்: 138 சென்டிமீட்டர். என்னிடம் எந்த கார், எவ்வளவு வருஷமாக, மலைப்பாதை எங்கே ஓட்டியிருக்கிறீர்கள் என்றார். வால்பாறை நாற்பது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலை எழுபது, இரண்டும் நானே ஓட்டியிருக்கிறேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஆஸ்திரியாவோட குரோஸ்குளோக்னர் மலைப்பாதை உங்களுக்கு முப்பத்தாறுதான் மேடம்" என்றார்.

மூன்று வாரத்தில் சுருள் கம்பி போட்ட 34 பக்கப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. ஒரு நாளுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் அன்று போகும் வழி, நிற்கும் இடம், கார் நிறுத்தும் இடம், கழிப்பறை. வலப்பக்கம் மேலே ஒரு கட்டம், அதற்குத் தலைப்பு "இன்று விட்டது". எந்தெந்த இடத்தைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று அதில் எழுதியிருக்கும். 22,000 ரூபாய் கொடுத்தது அந்தக் கட்டத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். நிற்க வேண்டிய இடங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் நூறு கொடுப்பார்கள். எதை விடலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

உதாரணத்துக்கு, ஆஸ்திரியாவில் வெர்ஃபென் ஊருக்கு மேலே உலகத்திலேயே பெரிய பனிக்குகை இருக்கிறது. எல்லாப் பட்டியலிலும் அது உண்டு. அவர் விட்டுவிட்டார்: "உள்ளே எழுநூறு படி ஏற வேண்டும், எழுநூறு இறங்க வேண்டும். நடுவில் உட்கார முடியாது. அம்மா வெளியே மூன்று மணி நேரம் காத்திருக்க நேரும்." அதற்குப் பதிலாக ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா குகையைப் போட்டார். அங்கே குகைக்குள்ளேயே ரயில் ஓடுகிறது, 1872இலிருந்து. ஐந்து கிலோமீட்டர் சுற்றில் மூன்றரை ரயிலில் போய்விடும், மிச்சம் ஒன்றரைதான் நடை, அதுவும் படியில்லாத சரிவுப் பாதை. உள்ளே பத்து டிகிரி குளிர். அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, தலையில் மகளின் குல்லா போட்டுக்கொண்டு ரயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சுண்ணாம்புத் தூண்கள் தலையை உரசுகிற மாதிரி வரும்போதெல்லாம் குனிந்துகொண்டாள். கடைசியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கண் இல்லாத வெள்ளைப் பல்லி மாதிரி ஒரு ஜீவன் இருந்தது, அங்கே அதை மனித மீன் என்கிறார்கள். வருஷக்கணக்கில் சாப்பிடாமல் இருக்குமாம், நூறு வயது வாழுமாம். அம்மா அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்றாள்.

சுவிட்சர்லாந்தை விட்டதற்கு இரண்டே வரி: "விரைவுச்சாலைக்கு நாற்பது பிராங்க் வருஷ ஸ்டிக்கர் ஒன்றுதான் உண்டு, நீங்கள் ஒன்றரை நாள்தான் இருப்பீர்கள். அதே மலை ஆஸ்திரியாவிலும் இருக்கிறது, விலைதான் இல்லை." வெனிஸுக்கு: "காரோடு போகும் ஊர் இல்லை. தனியாக ஒரு முறை ரயிலில் போங்கள்." இதையெல்லாம் படித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பாரிஸ் இல்லாத ஐரோப்பாவா என்று கணவர் இரண்டு நாள் பேசவில்லை.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து மியூனிக்குக்கு லுஃப்தான்சாவின் நேரடி விமானம் இருந்ததால் ஆரம்பமும் முடிவும் மியூனிக். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் வாடகையைவிட அந்தக் கட்டணம் பெரிதாகிவிடும், அதனால் பாதையை வட்டமாக வளைத்தார். மியூனிக், கீம்ஸே ஏரி, ஆஸ்திரியாவில் ஹல்லைன், ஹால்ஷ்டாட், குரோஸ்குளோக்னர், இத்தாலியில் டொப்பியாகோ, ஸ்லோவேனியாவில் போவெட்ஸ், பிளெட், திரும்ப ஆஸ்திரியாவில் வெர்ஃபென், மியூனிக். பதின்மூன்று ராத்திரி. எந்த நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். சில்க் போர்டிலிருந்து ஓசூர் போய்ச்சேரவே மாலையில் இரண்டு மணி நேரம் ஆகிற ஊரிலிருந்து வருகிறவளுக்கு இது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அங்கே போனபின்தான் தெரிந்தது, அந்த மூன்று மணி நேரம் ஓட்ட நிற்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு முழுநாள் போய்விடுகிறது.

விசாவில் அவர் செய்த உதவி தனியாகச் சொல்லத்தக்கது. நாலு நாட்டுக்கும் சேர்த்து ஷெங்கன் என்ற ஒரே விசாதான். எங்கள் தெருவில் விசா ஏஜென்ட் ஒருவர், விமானம் ஜெர்மனியில் இறங்குகிறது என்பதால் ஜெர்மனியில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அது தப்பு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு ஆஸ்திரியா ஐந்து ராத்திரி, ஜெர்மனி மூன்று, ஸ்லோவேனியா மூன்று, இத்தாலி இரண்டு. ஆக ஆஸ்திரியா. பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினோரு வயதுவரை பாதி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதை அவர் அழுத்திச் சொன்னார், கோடை விடுமுறைக்கு பெங்களூரே கிளம்புகிற நேரத்தில் தேதி கிடைப்பது கஷ்டம். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஆர்டிஓவில் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். கூடவே நம் ஊர் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

புத்தகத்தோடு ஒரு அட்டைப்பெட்டியும் இரவல் தருகிறார், திரும்பி வந்ததும் கொடுத்துவிட வேண்டும். அதில் ஐரோப்பிய பிளக்குக்கு இரண்டு அடாப்டர், போனைக் கண்ணாடியில் ஒட்டும் தாங்கி, பிள்ளைகள் உட்காரும் பூஸ்டர் இருக்கை, அப்புறம் நீல நிறத்தில் அட்டைக் கடிகாரம் ஒன்று. மகளை ஏன் அளந்தார் என்பது பூஸ்டரைப் பார்த்ததும் புரிந்தது. ஆஸ்திரியாவில் 135 சென்டிமீட்டர் தாண்டினால் பூஸ்டர் வேண்டாம். ஜெர்மனியில் பன்னிரண்டு வயதுக்குள் இருந்து 150 சென்டிமீட்டர் வரவில்லை என்றால் கட்டாயம், இத்தாலியிலும் 150தான் கணக்கு. 138 சென்டிமீட்டர் பிள்ளை ஒரே நாளில் சட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வரும். வாடகை கார்க் கடையில் எடுத்தால் நாள் கணக்கில் காசு வாங்கியிருப்பார்கள்.

அந்த நீல அட்டைதான் என் மனதில் நிற்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, பின்னால் ஒரு சக்கரம். ஊருக்குள் பல இடங்களில் கார் நிறுத்தக் காசு இல்லை, ஆனால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். வந்த நேரத்தை இந்த அட்டையில் திருப்பி வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் போட வேண்டும். ஜெர்மனியில் வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக்கு முள்ளை வைக்கலாம், 10.05க்கு வந்தால் 10.30. அந்த இருபத்தைந்து நிமிஷம் நமக்கு லாபம். டிக்கெட் கிழிக்க ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. நாம் சொல்லுகிற நேரத்தை அவர்கள் நம்புகிறார்கள். மகள் இந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள், வேறு யாரையும் அட்டையைத் தொட விடவில்லை. கார் நிற்பதற்குள் பின்சீட்டிலிருந்து "அப்பா, மணி சொல்லு" என்று குரல் வரும்.

சாலைச் சுங்கக் கட்டண விஷயத்தில்தான் அவருடைய மூளை தெரிகிறது. ஜெர்மனியில் காருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்திரியாவின் விரைவுச்சாலைக்குப் பத்து நாள் ஸ்டிக்கர், 2025இல் 12.40 யூரோ. நாங்கள் ஆஸ்திரியாவுக்குள் முதலில் நுழைந்தது மே 13, கடைசியாக வெளியேறியது மே 23. பதினோரு நாள். ஒரு நாளுக்காக இரண்டாவது ஸ்டிக்கர் வாங்க வேண்டிவரும். அவர் என்ன செய்தார் என்றால், 13ஆம் தேதி எங்களைப் பெர்ஷ்டெஸ்காடன் வழியாகச் சாதாரணச் சாலையில் ஹல்லைனுக்குள் இறக்கிவிட்டார். அன்று விரைவுச்சாலையையே தொடவில்லை. ஸ்டிக்கரை 14ஆம் தேதியிலிருந்து எடுத்தோம். காசு பெரிதில்லை, ஆனால் அந்தச் சாதாரணச் சாலை ஒரு ஆற்றை ஒட்டிக்கொண்டே போயிற்று, இரண்டு பக்கமும் மலை, ஜன்னலில் பூந்தொட்டி வைத்த மரவீடுகள். பயணத்திலேயே முதல் முறையாக அம்மா "கொஞ்சம் நிறுத்தேன்" என்று கேட்ட இடம் அது. நிறுத்த முடிந்தது. அதுதான் பஸ்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம்.

ஸ்லோவேனியாவில் ஸ்டிக்கரே கிடையாது, காரின் எண்ணைக் கொடுத்து இணையத்திலோ பெட்ரோல் பங்கிலோ வாங்க வேண்டும். ஏழு நாளைக்கு 2025இல் 16 யூரோ. வாங்காமல் மாட்டினால் 300 யூரோவிலிருந்து அபராதம் ஆரம்பம். வாடகை கார் என்பதால் எண் கார் கைக்கு வந்தபின்தான் தெரியும், ஊரிலிருந்தே வாங்கி வைக்க முடியாது. இதற்கென்று ஒரு பக்கம், எண்ணை எழுதிக்கொள்ளக் கட்டம் போட்டு, கீழே "பூஜ்ஜியமா, ஓ எழுத்தா? இரண்டு முறை பாருங்கள்" என்று சிவப்பு மையில். ஆஸ்திரியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவே உள்ள கரவாங்கன் சுரங்கத்துக்கு மட்டும் தனிக் காசு, கிட்டத்தட்ட எட்டுக் கிலோமீட்டர் நீளம்.

இப்போது குரோஸ்குளோக்னர். 48 கிலோமீட்டர் மலைப்பாதை, 1935இல் திறந்தது, மே ஆரம்பத்தில்தான் பனியை வெட்டித் திறப்பார்கள், நவம்பர் ஆரம்பத்தில் மூடிவிடுவார்கள். கட்டணம் நாற்பது யூரோவுக்கு மேல். எங்கள் ஹோட்டலில் ஒரு ராத்திரிக்குக் கொடுத்ததில் பாதி. கணவர் முகம் சுளித்தார். நான் ஒன்று சொல்கிறேன், இந்தப் பயணத்தில் ஒரே ஒரு செலவை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மே 16, காலை எட்டரைக்கு ஃபெர்லைட்டன் சுங்கச்சாவடியைத் தாண்டினோம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை, அதில் வளைவின் எண்ணும் கடல்மட்ட உயரமும். அம்மா முன்சீட்டில். கொல்லிமலை அரப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது எண்ணிக்கொண்டே வருவாளே, அதே மாதிரி "பதினொண்ணு, பன்னெண்டு" என்று ஆரம்பித்துவிட்டாள். 2,000 மீட்டருக்கு மேல் சாலையின் இரண்டு பக்கமும் பனிச்சுவர், காரைவிட உயரம். வெட்டிய இடத்தில் பனி வரிவரியாக, அல்வாத் துண்டை அறுத்த மாதிரி வழவழப்பாக இருந்தது. ஜன்னலை இறக்கிக் கையை நீட்டினாள். தொடவில்லை, எட்டவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு கைப்பிடி எடுத்தாள், இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிமாற்றிப் பிடித்தாள், கடைசிவரை கீழே போடவே இல்லை, உருகி ஒழுகிப் புடவை நனைந்தது. ஹோக்டோர் கணவாய் 2,504 மீட்டர். அதைத் தாண்டி ஃபிரான்ஸ் யோசஃப் முகட்டுக்குப் போனால் எதிரே ஆஸ்திரியாவின் உச்சி, 3,798 மீட்டர், கீழே பாஸ்டெர்ஸ் பனியாறு. பனியாறு எங்கே இருந்தது, வருஷாவருஷம் எங்கே வரை சுருங்கிவிட்டது என்பது அந்தக் கரையிலேயே தெரிகிறது. மகள் நிறையக் கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

இறங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில்: "பிரேக்கிலேயே கால் வைக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றாலும் கியரை இறக்கிவிடுங்கள். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும்." வால்பாறையில் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதே வாக்கியம்.

வலப்பக்கம் ஓட்டுவது பற்றி நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். அவர் சொன்னது ஒன்றுதான்: ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும், இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். அதைப் பிடித்துக்கொண்டேன், அரை நாளில் பழகிவிட்டது. வாடகை காரின் இன்டிகேட்டர் இடக்கைப் பக்கம், என் மாருதியில் வலக்கைப் பக்கம், அதனால் முதல் நாள் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடியது. நெரிசலில் நின்றால் நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு இடது வரிசை இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒதுங்க வேண்டும், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே. மியூனிக் விரைவுச்சாலையில் அத்தனை காரும் யாரும் சொல்லாமல் அப்படி ஒதுங்கியதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது.

ஹால்ஷ்டாட்டை அவர் போடாமல் விடத்தான் பார்த்தார். எழுநூறு எழுநூற்றைம்பது பேர் வாழும் ஊரில் கூட்டம் கூட்டமாகப் பஸ் வந்து இறங்குகிறது என்பது அவர் வருத்தம். மகள் பிடிவாதம் பிடித்ததால் "காலை எட்டுக்குள் போங்கள், பத்தரைக்குக் கிளம்புங்கள்" என்று எழுதினார். எட்டுக்கு ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. பத்தரைக்கு நடக்க இடமில்லை.

ஹல்லைன் உப்புச் சுரங்கத்தை அவர் போட்டதில் சொந்த ஆசை கொஞ்சம் இருக்கிறது, அதை அவரே ஒப்புக்கொண்டார். வெள்ளைக் கால்சட்டை, மேல்சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய், சுரங்கத் தொழிலாளர்கள் வழுக்கி இறங்கிய மரச்சறுக்கில் நாமும் இறங்கலாம். நிலத்துக்கு அடியிலேயே ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நடந்து போய்த் திரும்புகிறோம், எல்லைக்கல்கூட இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "என் தாத்தா இறங்கிய கோலார் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கீழே கொதிக்கும். இங்கே பத்து டிகிரி." மகளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஊருக்குத் திரும்பியதும் கோலாருக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாடு. அம்மா முட்டை தொடமாட்டாள், அந்தப் பக்கத்துச் சைவத்தில் பாதி முட்டை. அதனால் மியூனிக் தவிர மற்ற ஊரெல்லாம் அடுப்படி வைத்த வீடுகளாகப் பார்க்கச் சொன்னார். நெய், பால்கோவா இரண்டும் எடுத்துப்போகக் கூடாது, பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. ஆனால் தேங்காயும் வாழைப்பழமும் போகலாம், சான்றிதழ் வேண்டாத ஐந்து பழங்களில் அவை இரண்டு. அம்மா ஒரு தேங்காய் எடுத்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறோம், ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும், ஆனால் மியூனிக் விமான நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், அரிசியும் தயிரும் அங்கேயே வாங்கிவிடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அன்று ராத்திரி ஹோட்டலில் குட்டி எலக்ட்ரிக் குக்கரில் தயிர்சாதம்.

இனி குறைகள். மே 18, டொப்பியாகோவில் இரண்டாம் நாள். காலை ஏழரைக்கே ப்ரையெஸ் ஏரி, பச்சையும் நீலமுமாக யாருமில்லாமல் கிடந்தது. ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை பகலில் முன்பதிவு இல்லாமல் காரை அந்தப் பள்ளத்தாக்குக்குள் விடமாட்டார்கள், மே மாதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதுவரை அருமை. மதியத்துக்கு ரோப்கார் ஏறி டோலமைட் சிகரங்களைப் பார்ப்பதாகத் திட்டம். போய்ப் பார்த்தால் மூடியிருந்தது. பனிச்சறுக்குக் காலம் முடிந்து கோடை ஆரம்பிக்கும்வரை அந்தப் பக்கத்தில் நிறைய ரோப்கார் ஓடாது. இது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, ஜூன் மாதக் குடும்பம் ஒன்றின் பக்கத்தை எங்களுக்கு அப்படியே வைத்துவிட்டார். பாதி நாள் போயிற்று. அம்மா நடந்து பார்க்க முடியாத உயரத்தை அவளுக்குக் காட்டும் ஒரே வழி அதுதான், அதனால் எனக்கு ஆறவில்லை. போனில் சொன்னதும் சாக்கு சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார், கட்டணத்தில் 3,000 ரூபாய் திருப்பி அனுப்பினார்.

இன்னொன்று, கார் வாடகைக் கடையில் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், முன்பணத்தைப் பிடித்துவைக்க. புத்தகத்தில் இது இருந்தது, ஆனால் இருபத்தேழாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம். நான் தற்செயலாக முன்பே படித்ததால் என் கார்டின் வரம்பை உயர்த்திக்கொண்டேன். எழுத்தும் சின்னது, அம்மாவால் படிக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கலாம். ஷெங்கன் நாடுகளுக்கு நடுவே வழக்கமாக எல்லைச் சோதனை இல்லை என்றாலும் கரவாங்கன் பக்கமும் ஜெர்மனிக்குள் திரும்பும்போதும் நிறுத்திக் கேட்டார்கள், எங்களுடையது டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்தது.

டொப்பியாகோவிலிருந்து போவெட்ஸ் போன நாள்தான் நீண்ட ஓட்டம், சொல்ல அதிகமில்லை, கடைசியில் ப்ரெடில் கணவாய் மட்டும் அழகு. அடுத்த நாள் வெர்ஷிச் கணவாய். 1,611 மீட்டர், ஐம்பது வளைவு, வடக்குப் பக்க வளைவுகளில் கல் பாவியிருக்கிறது, மழை பெய்தால் வழுக்கும். இறங்கும் வழியில் காட்டுக்குள் ஒரு மரக்கோயில். முதல் உலகப்போரில் இந்தச் சாலையைப் போட ரஷ்யக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள், 1916 மார்ச்சில் பனிச்சரிவில் நூற்றுக்கும் மேல் செத்துப்போனார்கள், மிஞ்சியவர்கள் கூட வேலை செய்தவர்களுக்காகக் கட்டியது. புத்தகத்தில் அதற்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள். நாங்கள் ஓட்டிவந்த சாலை யாருடைய உழைப்பு என்பது அங்கே நின்றால்தான் தெரிகிறது. முக்கால் மணி நேரம் இருந்தோம். பிளெட் ஏரியில் படகுக்காரர் நின்றபடியே துடுப்புப் போட்டதும், தீவில் தொண்ணூற்றொன்பது படியை மகள் இரண்டு முறை ஏறியதும் மறுநாள் கதை.

அவரிடம் போக நினைப்பவர்களுக்கு: மே மாதப் பயணம் என்றால் நவம்பரிலேயே போய்விடுங்கள். கூட வருகிற எல்லாரையும் அழைத்துப் போங்கள், போனில் பேசி முடிக்க அவர் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே வாரத்தில் ஆறு நாடு வேண்டும் என்பவர்கள் போக வேண்டாம், முடியாது என்றே சொல்லிவிடுவார். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை ரோப்காருக்காக.

போன ஞாயிறு அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அம்மாவும் வந்தாள். நீல அட்டையைக் கொடுக்க மகளுக்கு மனசில்லை, கடைசியாகத்தான் பையிலிருந்து எடுத்தாள். அவர் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு நாளாக அம்மாவிடம் "இது வேணுமா, வேண்டாமாம்மா?" என்று கேட்டார். உப்புச் சுரங்கத்துக்கு வந்ததும் அம்மா, "நீங்க போங்கன்னு இவங்களை அனுப்பிட்டேன். நான் உக்காந்த இடத்துல நல்ல வெயில். ஆனா ஒரு பெஞ்சுதான் இருந்துச்சு" என்றாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்: பெஞ்சு, ஒன்று, வெயில் பக்கம்.